இரண்டு ஸ்பீடு பிரேக்கருக்கு நடுவே

ரெண்டு ஸ்பீடு பிரேக்கருக்கு நடுவுல ஒரு கார் இருந்துச்சு. இத்தாலிக் கார். நாமக்கல் பக்கம் வெள்ளக்கல்பாளையம் எங்க ஊரு. ஊருன்னா ஒரே நேர் ரோடு, ரோட்டு வடக்கு முனையில ஒரு கட்சிக்காரர் வீடு, தெக்கு முனையில எதிர்க்கட்சிக்காரர் வீடு. வடக்கத்தியாரு தன் வீட்டு முன்னால வண்டிக மெதுவாப் போகணும்னு ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டாரு, மறு வாரமே தெக்கத்தியாரு அதவிட ஒரு சாண் ஒசரமா இன்னொண்ணு போட்டாரு, இவரு அதுக்கு மேல ஒரு பூச்சு பூச, அவரு அதுக்கு மேல ரெண்டு பூச்சு பூச, கடைசியில ரெண்டும் படுத்திருக்கிற எருமை ஒசரத்துக்கு வந்து நின்னுச்சு. டிராக்டர் ஏறும், லாரி ஏறும், மாசமா இருக்கிற பொம்பளைங்க பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் ஏறிக்குவாங்க. தரையில இருந்து நாலு விரக்கடை ஒசரம்கூட இல்லாத இத்தாலிக் கார் எப்படிங்க ஏறும்? லாரி மேல வந்துச்சு, நடுவுல எறக்குனாங்க, அதோட அங்கயே கெடந்துச்சு.

நான் அங்கமுத்து, கல்யாணத் தரகு. இந்தக் கதையில எனக்கு நட்டந்தான், அதனால கொஞ்சம் வயித்தெரிச்சலோடதான் சொல்லுவேன், பொறுத்துக்குங்க.

காரை வாங்குனவரு கோழிப்பண்ணை செங்கோட்டுவேல். ஊர்ல பாதிப் பேரு அவரு கோழிக்குத் தீனி போடறவங்க, மீதிப் பேரு அவரு முட்டைய லாரியில ஏத்தறவங்க. அவருக்கு ஒரே பொண்ணு, தாரணி, கால்நடை டாக்டருக்குப் படிச்சவ. கோழிக்குச் சீக்கு வந்தா றெக்கையத் தூக்கிப் பாத்தே சொல்லிருவா. மேல படிக்கணும், வெளிநாட்டுல பறவைகளுக்குன்னே தனிப் படிப்பு இருக்குதுன்னு அப்பன்கிட்ட ரெண்டு வருசமாக் கேட்டுட்டு இருந்தா. அவரு, "கோழிக்கு ஊசி போட எதுக்கு சாமி ஏரோப்பிளேன்?"னு கேட்டுட்டு என்னைக் கூப்பிட்டு வரன் பாக்கச் சொன்னாரு. நானும் கோயமுத்தூர்ல மில்லுக்காரர் வீட்டுப் பையன் நந்தகிஷோரைக் கொண்டாந்தேன். அவங்க நெலம் கேக்கல, பவுன் கேக்கல, நாகரிகமானவங்க, "பையனுக்கு நல்ல வண்டின்னா உசுரு, உங்க பிரியம்"னு மட்டும் சொன்னாங்க. அந்தப் பிரியந்தான் லாரி மேல வந்து எறங்குச்சு.

கூடவே ஒரு கம்பெனி ஆளு வந்தாரு, கோட்டுப் போட்டுக்கிட்டு, எங்க வெயிலுல வெந்துக்கிட்டு. வண்டியோட மூக்கு ஏன் அத்தனை நீளம்னா உள்ள பன்னெண்டு சிலிண்டர் இருக்குதாம், அந்த எஞ்சினையும் முன் சக்கரத்துக்கு மேல வெக்காம கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சு, கியர் பாக்ஸைக் கொண்டுபோய்ப் பின் சக்கரத்துகிட்டப் பூட்டி, முன்னால பின்னால பாரம் சமமா நிக்கிறாப்ல பண்ணியிருக்காங்களாம். எவ்வளவு வேகத்துல போனாலும் வளைவுல நெஞ்சு பதறாதாம், உள்ள ஒக்காந்தா பக்கத்துல இருக்கிறவங்க மூச்சு விடறது கேக்குமாம், தோலை ஒவ்வொரு தையலா ஆளு ஒக்காந்து கையால தச்சதாம், டிக்கி சரியா ரெண்டு பெட்டிக்கு அளவெடுத்துச் செஞ்சதாம். ரெண்டு பேரு காலையில ஒரு நாட்டுல பலகாரம் சாப்பிட்டு, மலையேறி எறங்கி, சாயங்காலம் இன்னொரு நாட்டுல கடல் பாத்துச் சாப்பிடறதுக்குன்னே பண்ணுன வண்டின்னு அவரு சொல்லச் சொல்ல, செங்கோட்டுவேல் தலையத் தலைய ஆட்டிட்டுக் கடைசியில, "தீவன மூட்டை எங்க வெக்கறதுங்க?"ன்னு கேட்டாரு.

அந்த ஆளு கெளம்பறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. "சார், இதை நிறுத்தி வெச்சுராதீங்க. தூரம் போகாட்டி இதுக்கு மனசு கெட்டுப் போயிரும்." எஞ்சினுக்கு ஏதுங்க மனசுன்னு நாங்க சிரிச்சோம், அப்புறம் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சோம், பூசணிக்காய் ஒடைச்சோம், கறுப்புக் கயிறு கட்டுனோம், மூக்கு நெடுகச் சந்தனம் அப்பினோம். சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக் உறைய மட்டும் யாரும் தொடப்படாதுன்னு செங்கோட்டுவேல் உத்தரவு போட்டுட்டாரு. கையால தச்ச தோலு ஒரு நாளும் மனுசத் தோலைப் பாக்காம பிளாஸ்டிக்குக்குள்ள வேர்த்துக்கிட்டுக் கெடந்துச்சு.

அவரு அதுல ஏறவும் இல்ல. ஏறணும்னா நல்லாக் குனியணும், குனியறது அவருக்கு வழக்கமில்ல. காலையில காலையில டிரைவர் பொங்கியண்ணனை விட்டு ஸ்டார்ட் மட்டும் பண்ணச் சொல்லுவாரு, அது பன்னெண்டு தொண்டையில ஒண்ணா உறுமும், ஊரே காது குடுக்கும், இவரு மீசைய நீவிக்கிட்டே ஆஃப் பண்ணச் சொல்லிருவாரு. ஊருக்குப் போடற சத்தம் அது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு கிருத்திகையன்னிக்கு, வண்டிய முனியப்பன் கோயில் வரைக்குமாவது கொண்டு போகணும்னு சாமி வந்த பொம்பளை ஒண்ணு சொல்லிருச்சு. கோயிலும் ரெண்டு ஸ்பீடு பிரேக்கருக்கு உள்ளயேதான் இருக்கு, பண்ணையிலருந்து பொடிநடையாவே போயிரலாம். பொங்கியண்ணன் ஓட்டுனான், செங்கோட்டுவேலோட மச்சான் பக்கத்துல ஒக்காந்தாரு. நாங்க கோயில் வாசல்ல நின்னு பாத்துட்டே இருக்கோம், வண்டி கெளம்புச்சு, வந்துச்சு, நின்னுச்சு. கதவத் தொறந்து எறங்குனா ரெண்டு பேருக்கும் மொகத்துல ஒரு நாள் தாடி, கண்ணெல்லாம் செவந்து, காலு மரத்து, நொண்டிக்கிட்டு வர்றாங்க. டீக்கடையத் தாண்டுனதும் ரோடு நீண்டுக்கிட்டே போச்சாம், மலை வந்துச்சாம், மலையக் கொடஞ்சு வழி வந்துச்சாம், அப்புறம் இடது பக்கம் நீலமாக் கடலு, கரை நெடுக எலுமிச்சைத் தோப்பு, அங்க ஒரு கடை முன்னால வண்டி தானா நின்னு எஞ்சின் ஆற வெச்சுதாம், கடைக்காரம்மா காபி குடுத்துச்சாம், கொழந்தைக்கு வெளக்கெண்ணெய் ஊத்தற பாலாடை அளவு கப்புல, கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு.

பூசாரி எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப மத்தியானச் சோறு?"ன்னாரு.

"சோறே இல்லீங்க சாமி. ரொட்டிதான்."

"அட பாவமே"ன்னு ஊரே உச்சுக் கொட்டுச்சு. அடுத்த தடவை போனவங்க புளிசாதம் கட்டிட்டுப் போனாங்க.

இப்படித்தான் அது எங்க ஊர்ல வழக்கமாச்சு. உள்ள போறவங்களுக்கு ஒரு நாளு, வெளிய நிக்கிறவங்களுக்கு மொத்தமே அஞ்சு நிமிசம். ஏன் அப்படின்னு யாரும் கேக்கல. கம்பெனி ஆளுக்குப் போன் போட்டதுக்கு, "தூரம் போறதுக்குன்னு பண்ணுன வண்டி சார், நீங்க தூரம் குடுக்கலைன்னா அதுவா எடுத்துக்கும்"னு சொல்லிட்டு, டயர்ல காத்து சரியா இருக்குதான்னு கேட்டாரு. கோயில் வாசல்ல நாவிதர் ஒரு நாற்காலி போட்டு, எறங்கறவங்களுக்கெல்லாம் சுடச்சுடச் சவரம் பண்ண ஆரம்பிச்சாரு. பின் சீட்டு ரெண்டுலயும் கோழிகூடக் கால் மடக்கித்தான் ஒக்காரணும், அதனால எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் எடம். தூக்கம் பத்தாத லாரி டிரைவருக போய்த் தூங்கிட்டு வந்தாங்க. காட்டு வரப்புக்காகப் பேச்சுவார்த்தை அத்துப்போன அண்ணன் தம்பிய ஒண்ணா ஏத்தி அனுப்புனா, வரப்புச் சண்டையத் தீத்துட்டு, வழியில கண்ட எலுமிச்சைத் தோப்பு யாருக்குன்னு புதுசா ஒரு சண்டையோட எறங்குனாங்க. ஒரு அம்மா புருசனோட போய்ட்டு வந்து, "இவரு வாயத் தொறந்து பேசமாட்டேங்கறாருன்னு இத்தனை வருசமா அழுதனே, எத்தனை நிம்மதியா இருந்திருக்கேன்!"னு தலையில அடிச்சுக்குச்சு. கடலைப் பாத்து யாராவது அசந்துபோனாங்களான்னு கேக்கறீங்களா? எங்க ஊர்க்காரங்களா? உப்பளம் போட்டா நல்லாருக்கும்னாங்க.

வடக்கத்தியாரையும் தெக்கத்தியாரையும்கூட ஒரு தடவை ஏத்தி விட்டோம். உள்ள ஒரு நாள் பூராப் பேசி, ரெண்டு ஸ்பீடு பிரேக்கரையும் ஒடச்சிரலாம்னு ஒத்துக்கிட்டு, கோயில் வாசல்ல தோள்ல கை போட்டுக்கிட்டுத்தான் எறங்குனாங்க. காலு தரையில பட்டதும் இவரு, "சரி, நீங்க மொதல்ல ஒடைங்க"ன்னாரு. அவரு, "ஏன், நீங்க ஒடைக்கிறது?"ன்னாரு. அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பக்கமும் இன்னொரு பூச்சு.

எல்லாம் சரி, என் பொழப்புல மண்ணு விழுந்த கதைய யாரு கேட்டீங்க? எங்க பக்கம் பொண்ணு பாக்கப் போனா, பஜ்ஜி சொஜ்ஜி ஆனதும் யாராவது பெரியவங்க, "ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் தனியாப் பேசட்டும்"பாங்க. அந்த அஞ்சு நிமிசத்துலதான் தரகன் பொழப்பே இருக்கு. அஞ்சு நிமிசத்துல என்ன பேச முடியும்? என்ன படிச்சிருக்கீங்க, எந்த ஊர்ல வேலை, வெயில் இந்த வருசம் ஜாஸ்தி, முடிஞ்சுது, சம்மதம், தாம்பூலம் மாத்து. இப்ப எங்க ஊர்ல பெத்தவங்க எல்லாம் அந்த அஞ்சு நிமிசத்துக்கு ஜோடிய இத்தாலிக் கார்ல ஏத்திவிட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு நாள் பூராப் பேசிப் பாத்துட்டு எவனாவது கல்யாணம் பண்ணிக்குவானாங்க? பொண்ணு ஒரு பக்கம் மொகத்தத் திருப்பிட்டு எறங்குது, பையன் ஒரு பக்கம் எறங்கறான், நான் நடுவுல பையத் தூக்கிட்டு நிக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டயரக் குத்திவிட்டிருப்பேன், செங்கோட்டுவேலுக்குப் பயந்து விட்டுட்டேன்.

ஆனா ஊரே தன் வண்டியில பொண்ணு பாத்தும், தன் பொண்ணை மட்டும் அவரு அதுல ஏத்த மாட்டேன்னுட்டாரு. "மாப்ள வீட்டுக்காரங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ அந்த ஷெட்டுப் பக்கமே போகப்படாது கண்ணு"ன்னாரு.

தாரணி சொன்னா: "அவங்க கேட்டது வண்டியத்தானுங்கப்பா? அதை மட்டும் குடுத்தனுப்பிருங்களேன். நான் எதுக்கு எடைஞ்சலா?"

அவரு சிரிச்சாரு. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சாரு போல. அவங்கம்மா சம்பூரணம் சிரிக்கல, எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு.

கோயமுத்தூர்க்காரங்க வந்தாங்க. பெரிய வண்டியில வந்து, தெக்கு ஸ்பீடு பிரேக்கர்ல வயிறு தட்டி நின்னு, எறங்கி நடந்தே வந்தாங்க. நந்தகிஷோர் பாக்க நல்ல பையன்தான், குத்தம் சொல்ல முடியாது. வாசப்படி ஏறறப்பவே ஷெட்டு எந்தப் பக்கம்னு பாத்துட்டான். தாரணி காபித் தட்டோட வந்து நின்னப்ப, அவன் தட்டுல இருந்து டம்ளரை எடுத்துக்கிட்டே ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "டாடி, கலர் செமையா இருக்கு"ன்னான். அந்தம்மா, அவன் தாயாரு, பொடவை நிறத்தத்தான் சொல்றான்னு நெனச்சு வெக்கப்பட்டுச்சு.

மில்லுக்காரரு தொண்டையக் கனச்சாரு. "என்னதான் இருந்தாலும் காலம் மாறிப்போச்சுங்க. ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் தனியாப் பேசட்டும்."

"ஆமாமா, மாடியில போய்ப் பேசட்டும்"னு செங்கோட்டுவேல் அவசரமாச் சொன்னாரு.

"வண்டியில போய்ட்டு வர்றோமுங்கப்பா"ன்னா தாரணி. "கோயில் வரைக்கும்."

 நான் குறுக்க விழுந்து, "அம்மிணி, வெயிலு…"ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள பையன் எந்திரிச்சுச் சாவிக்குக் கைய நீட்டிட்டான். வந்த மாப்ளைக்கு வண்டி தரமாட்டேன்னு எப்படிச் சொல்றது? எதுக்காக வாங்குன வண்டி அது? சம்பூரணம் உள்ள போய் ஒரு பையக் கொண்டாந்து டிக்கியில வெச்சுது. சின்னப் பையில்லீங்க, ஊருக்குப் போற பை.

"அஞ்சு நிமிசத்துக்கு எதுக்குங்க இத்தனை பெரிய பை?"ன்னேன்.

"வழி தூரமுங்க தரகரே"ன்னு சொல்லிட்டு, மக தலையில பூவைச் சரி பண்ணுற மாதிரி ரொம்ப நேரம் கைய எடுக்காம நின்னுச்சு. தாரணி ஏறுனா. ஏறுன ஒடனே மொத வேலையா தன் சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக் உறையக் கிழிச்சா. அந்தச் சத்தத்துக்கு செங்கோட்டுவேலுக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு.

வண்டி போச்சு. நாங்க பஜ்ஜி சாப்பிட்டோம். கோயில்கிட்டத் திரும்பறது தெரிஞ்சுது, வந்துச்சு, வீட்டு வாசல்ல நின்னுச்சு. நந்தகிஷோர் எறங்குனான். ஒரு நாள் தாடி, மூக்கெல்லாம் வெயில்ல கறுத்து, ஆனா மொகத்துல அப்படி ஒரு பூரிப்பு. ஓடி வந்து அவங்கப்பன் கையப் புடிச்சுக்கிட்டான்.

"டாடி, மலை வளைவுல பிரேக்கே தொடல டாடி, பாரம் அப்படிச் சமமா ஒக்காந்திருக்கு, காலை அமுத்துனா பன்னெண்டு சிலிண்டரும் ஒரே ஆளு மாதிரிக் கேக்குது, கியர் மாறறதே தெரியல…"

"அதெல்லாம் இருக்கட்டும்டா"ன்னு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே மோவாயத் தொட்டுக் கேட்டுச்சு, "பொண்ணு புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்கும்மா. நாள் பூரா வண்டியப் பத்தியே பேசிட்டு வந்தேன், ஒரு வார்த்தை குறுக்க பேசல. எனக்கு ஏத்த பொண்ணு."

எல்லாரும் சிரிச்சாங்க. தாம்பூலத் தட்டை எடுங்கன்னு நானே சத்தம் போட்டுட்டேன், இத்தனை நாளு கழிச்சு ஒண்ணு கூடி வருதேங்கற சந்தோசத்துல. அப்பத்தான் செங்கோட்டுவேல் கார்கிட்டப் போனாரு. பொண்ணை எறங்கச் சொல்லலாம்னு அந்தப் பக்கத்துக் கதவைத் தொறந்தாரு. 

சீட்டு காலியா இருந்துச்சு. கிழிச்ச பிளாஸ்டிக்கை நாலா மடிச்சு அது மேல வெச்சிருந்தா. டிக்கியில பையும் இல்ல.

"மாப்ள… என் பொண்ணு எங்கீங்க மாப்ள?"

பையன் திரும்பி அந்தச் சீட்டைப் பாத்தான். நெசமாவே யோசிச்சான், பாவம். "கடல்கிட்டக் காபி குடிச்சப்ப இருந்தாங்க. அதுக்கப்புறம்… இருந்திருப்பாங்கன்னுதான் நெனச்சேன்."

 மில்லுக்காரரு ரெண்டு தரம் இருமிட்டு, தன்மையாத்தான் சொன்னாரு: "பொண்ணு எங்கீங்க போயிரும், வர்றப்ப வரட்டும். நல்ல நாளாப் போச்சு, வண்டிய மட்டும் இன்னிக்கே அனுப்பி வெச்சீங்கன்னா…"

செங்கோட்டுவேல் அவர நிமிந்து பாத்தாரு. எத்தனையோ பேர அந்த மனுசன் திட்டி நான் கேட்டிருக்கேன், அன்னிக்குத் திட்டக்கூட நிக்கல. நேரா டிரைவர் சீட்டுப் பக்கம் போனாரு, துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாரு, தலையைக் குனிஞ்சாரு. முட்டி நோக, வயிறு இடிக்க, அத்தனை பேருக்கு முன்னால அந்த மனுசன் குனிஞ்ச குனிய அன்னிக்குத்தான் நாங்க பாத்தோம்.

சம்பூரணம் ஜன்னல்கிட்ட வந்து நின்னுச்சு. "எங்க போறீங்க?"

"கூட்டியாறேன்."

"கூட்டியாரப் போறீங்களா, கேக்கப் போறீங்களா?"

அவரு பக்கத்துச் சீட்டுல மடிச்சு வெச்ச பிளாஸ்டிக்கை எடுத்து வெளிய போட்டாரு, தன் சீட்டுல இருந்ததையும் கிழிச்சுப் போட்டாரு, வண்டிய எடுத்தாரு. அவரு ஓட்டி நாங்க பாத்ததே இல்ல. அஞ்சு நிமிசம். மில்லுக்காரங்க அந்த அஞ்சு நிமிசமும் கெளம்பாம உக்காந்திருந்தாங்க, வண்டி திரும்பி வரணுமில்ல.

வந்துச்சு. தனியாத்தான் வந்தாரு. வெள்ளைத் தாடி மொளச்சு, கண்ணெல்லாம் வீங்கி, சட்டையில எலுமிச்சை வாசம். சம்பூரணம் அவரு மொகத்தையே பாத்துட்டு நின்னுச்சு.

"நல்லா இருக்கா"ன்னாரு. "கடைக்கு மேல மாடியில எடம் குடுத்திருக்காங்க. அங்க கடல் பறவைக்கெல்லாம் வைத்தியம் பாக்கற எடம் ஒண்ணு இருக்குது, அதுலயே படிக்கவும் செய்யலாமாம். காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் பேசுனா சம்பூரணம். நான் கேட்டுட்டே இருந்தேன். இத்தனை பேச்சு அவகிட்ட இருந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது." சொல்லிட்டு, துண்டுல மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதாரு. அப்புறம், "காபிக்கு அவதான் காசு குடுத்தா"ன்னாரு, அதைச் சொல்றப்ப மட்டும் ஒரு பெருமை.

மில்லுக்காரரு எந்திரிச்சாரு. "அப்ப வண்டி…"

"வண்டி எங்க வீட்டு வண்டிங்க. எம்பொண்ணப் பாக்கப் போக வரத் தேவைப்படுது. நீங்க பாத்துப் போங்க, மேடு ஒசரம்."

அதுலருந்து ஞாயித்துக்கிழமை ஆனா போதும், செங்கோட்டுவேலும் சம்பூரணமும் டிக்கியில புளிசாதமும் முறுக்கும் வெச்சுக்கிட்டு முனியப்பன் கோயிலுக்குக் கெளம்பிருவாங்க, அஞ்சு நிமிசத்துல ஒரு நாள் மூத்துத் திரும்பி வருவாங்க. வாராவாரம் ஒரு நாள் ஆயுசு கரையுதுங்களேன்னு நான் சொல்லிப் பாத்தேன். "வீட்டுல ஒக்காந்திருந்தா மட்டும் கரையாதுங்களா தரகரே?"ன்னுட்டாரு. எலெக்ஷன் நெருங்கவும் வடக்கத்தியாருக்கும் தெக்கத்தியாருக்கும் திடீர்னு ஊர் நெனப்பு வந்து, ரெண்டு பேரும் ஒரே நாள்ல கடப்பாரையோட கெளம்புனாங்க. செங்கோட்டுவேல் ஓடிப்போய், ஒடைக்காதீங்கன்னு கும்பிட்டாரு. மேட்டை ஒடச்சு வெளி ரோட்டுல வண்டிக்குத் தூரம் கெடைச்சிருச்சுன்னா, அப்புறம் கோயில் வெறும் கோயிலாத்தானே இருக்கும், பொண்ணு இருக்கிற கடலுக்கு எப்படிப் போறது? ரெண்டு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவரே செலவு பண்ணி இன்னொரு பூச்சுப் பூசி விட்டாரு, சமமா, ஒரு நூல் கூடக் கொறைய இல்லாம. இப்ப லாரியே தெணறித்தான் ஏறுது.

தாரணி எனக்கும் சொல்லி அனுப்பிச்சிருந்தா, இனி யாருக்கு வரன் பாத்தாலும் அஞ்சு நிமிசம் பத்தாதுங்கண்ணான்னு. வாயாடி. கேட்டப்ப எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுலயும் தண்ணி வந்துச்சு.

அந்த நந்தகிஷோர் பையன் இன்னமும் எனக்குப் போன் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கான். ஆயில் மாத்துனாங்களாங்கறான், டயர் எப்படி இருக்குங்கறான், காலையில ஸ்டார்ட் பண்றப்ப அந்தச் சத்தம் அப்படியே இருக்குதான்னு உருகிப்போய்க் கேக்கறான். நானும் ஒவ்வொரு தடவையும் போனைக் காதுலயே வெச்சுக்கிட்டு, கடைசியிலயாவது கேப்பான்னு காத்துட்டு இருக்கேன். அந்தப் பொண்ணு கெடைச்சாளான்னு இன்னி வரைக்கும் அவன் கேக்கல.